நாட்டுப் பாட்டும் மின் கித்தாரும்: பி. ராம்லியின் இசைப் பணி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் முன்னாளில் கவுண்டர் ஹால் சாலை என வழங்கிய வீதி, இன்று பி. ராம்லியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வாழ்ந்த மரவீடு அங்கே நினைவில்லமாகப் பேணப்படுகிறது. 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு ஜக்கரியா. தந்தை தெயுக்கு ஞா புத்தே சுமத்திராவின் அச்சே நாட்டிலிருந்து வந்தவர். தாய் செ மா உசேன் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைப் பகுதியினர். பள்ளியில் 'ராம்லி' என்பதே பெயராயிற்று. பின்னர்ப் பாடகராய் வெளிப்பட்டபொழுது, தந்தை பெயராகிய 'புத்தே'யின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டுக்கொண்டார். மலாய் மரபில் தந்தை பெயர் 'பின்' என்னும் சொல்லை இடையிட்டுப் பின்னால் வருவது. தலையெழுத்தாக முன்னே நிற்பது தமிழர் வழக்கு. தமிழர் நிறைந்த பினாங்கில் வளர்ந்தவருக்கு அவ்வழக்கம் புதியதாய் இருந்திராது.

அறுபத்தாறு படங்களில் நடித்தவர், முப்பதுக்கு மேற்பட்ட படங்களை இயக்கியவர் என்ற முறையில் ராம்லி பலராலும் பேசப்படுகிறார். அவருடைய பாடற்பணி குறித்தோ ஒரே ஒரு கருத்துத்தான் வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்பட்டு வருகிறது. 'மெல்லிசை மன்னராய் விளங்கினார். 1960களின் நடுவில் மின் கித்தார்க் குழுக்கள் எழுந்தன. பழைய பாட்டு தோற்றது. அவர் மறக்கப்பட்டார்' என்பதே அது. இதில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆராயத்தக்கது. புதுமைக்கு முன் பழமை தோற்றது என்று சொல்வதானால், ராம்லியின் இசை பழமையானது என்பதை முதலில் நிறுவ வேண்டும். அதனை நிறுவுதல் எளிதன்று.

அவர் செவி எங்கே பழகியது என்பதை நோக்குவோம். பினாங்கு ஒரு துறைமுகம். மலாய் நாடக மேடையாகிய 'பங்சாவான்', வட இந்தியப் பார்சி நாடகக் குழுக்களின் வரவால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவில் தோன்றியது. அதனைத் தொடக்கத்தில் நடத்திய மாமாக் புஷி என்பவரின் பெயரே இந்திய முஸ்லிம் தொடர்பைக் காட்டும். முகர்ரம் நாளை ஒட்டிப் பாடப்பட்ட 'போரியா'வும் பினாங்குக்கே உரியது. இந்தியப் படையினர் வழியே அது வந்ததென்பர். ஒருவர் தலைமை தாங்கி அன்றன்றைய செய்தியை வைத்து அடிகளைப் புனைந்து பாடுவார். வேடமிட்ட குழுவினர் பின்பாட்டாக ஓர் அடியைத் திரும்பத் திரும்ப இசைப்பர். நம் சிற்றூர்க் கும்மியையும் ஒயிலாட்டத்தையும் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு கேளிக்கைப் பூங்காக்களின் ஜோகெட் மேடைகள், இந்திப் படப் பாட்டுகள், கியூபாவின் ரும்பா, அமெரிக்க ஜாஸ் யாவும் ஒரே நகரில் ஒலித்தன. யுகலேலி, கித்தார், பிடில் எனக் கருவிகளை ஒவ்வொன்றாய்க் கற்ற இளைஞர், 'சினாரான் பினாங்' என்னும் குழுவில் வாசித்தார். 1947இல் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

மலாய் நாட்டுப்புற இசை என்று இன்று போற்றப்படும் வடிவங்களும் தனித் தூய்மை உடையன அல்ல. ஜோகெட், மலாக்காவின் போர்த்துக்கீசிய ஆட்டத்தோடு உறவுடையது. இரண்டு தட்டும் மூன்று தட்டும் ஒன்றோடொன்று மோதிச் செல்லும் அதன் நடையில் அவ்வுறவு இன்றும் கேட்கிறது. ஜாப்பின் அரபு நாட்டார் கொணர்ந்தது. இனாங், அஸ்லி முதலியவற்றிலும் மேலை நாட்டுப் பிடில் அந்நியமாய்த் தோன்றாதபடி கலந்துவிட்டது. ஆகவே நாட்டுப் பாட்டின் இயல்பே கலப்புத்தான். ராம்லி செய்தது அக்கலப்பை நிறுத்தாமல் தொடர்ந்தமை. அவருடைய பாட்டொன்றின் பெயர் 'இனாங் பாரு'. 'புதிய இனாங்' என்பது அதன் பொருள். பழைய வடிவின் பெயரையும் புதுமை என்னும் அடைமொழியையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்தவரைப் பழமையின் காவலர் என்று எப்படிக் கூறுவது?

1948இல் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த வேளாண்மைத் திருவிழாவில் அவர் தாம் இயற்றிய 'அஜீஜா' என்னும் பாட்டைப் பாடினார். அங்கே வந்திருந்த திரைப்பட இயக்குநர் பி. எஸ். ராஜன்ஸ் அதைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஷா நிறுவனத்தாரின் ஜாலான் அம்பாஸ் படநிலையத்தில் அன்று இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியரே. பாட்டில்லாப் படத்தை அவர்கள் எண்ணியும் பார்த்ததில்லை. முதற்படமாகிய 'சிந்தா'வில் (1948) ராம்லிக்குக் கிடைத்தது தீயவன் வேடம். ஆயினும் கதைத்தலைவராய் நடித்த ரூமாய் நூருக்குப் பின்னணியில் பாடியவரும் அவரே. திரையில் தலைவனை எதிர்ப்பவன், மறைவில் அத்தலைவனுக்கே குரல் தருகிறான்! இந்த வேடிக்கை நீடிக்கவில்லை. 1950இல் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் தம் முதற்படமாகிய 'பக்தி'யை இயக்கியபொழுது, ராம்லியைக் கதைத்தலைவராக்கி அவர் குரலிலேயே பாடவும் வைத்தார்.

இந்த நிகழ்ச்சியின் சிறப்பைத் தமிழ்ப் படவுலகோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் பாடி நடித்த காலம் தமிழில் முடிந்து கொண்டிருந்தது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் எனத் தொழில் பிரிந்து வந்தது. அதே ஆண்டுகளில் மலாய்ப் படத்தில் இந்நான்கும் ஒருவரிடம் வந்து குவிந்தன. இரண்டாம் பணிக்கும் மூன்றாம் பணிக்கும் உரியவர் ராம்லி என்பதில் ஐயமில்லை. நான்காவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவர் பெயரால் வழங்கும் எல்லாப் பாட்டின் சொற்களும் அவருடையவை அல்ல. 'கெத்தாரான் ஜீவா', 'ஜெரித்தான் பாத்தின்கு' என்னும் புகழ்பெற்ற இரண்டின் சொற்களும் எஸ். சுதர்மாஜி எழுதியவை. பாமாலை சூட்டும் ஆர்வத்தில் இவ்வுண்மையை மறைப்பது அக்கவிஞருக்குச் செய்யும் அநீதியாகும். ராம்லியின் தனித்திறம் மெட்டிலும், அம்மெட்டைச் சொல்லின் நடைக்கு இசைவிப்பதிலும், குரலிலுமே மிகுதியாய்ப் புலப்படுகிறது.

சொல்லின் நடை என்றதும் பந்துன் என்னும் மலாய் நாலடிப் பாட்டை நினையாமல் இருக்க இயலாது. முதலடியும் மூன்றாமடியும் ஓர் இயைபு. இரண்டாமடியும் நான்காமடியும் மற்றோர் இயைபு. முதலிரண்டு அடிகளில் மரம், பறவை, ஆறு, படகு என ஏதேனும் ஒரு காட்சி வரும். பின்னிரண்டு அடிகளில் பாடுவோர் உள்ளக்கருத்து வரும். முன்னதைப் 'பெம்பாயாங்' என்பர்; நிழலிடுவது என்பது அதன் பொருள். சங்க அகப்பாட்டின் உள்ளுறையை அறிந்த தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் செவி நிமிரும். எனினும் இரண்டும் ஒன்றென்று முடிவு கட்டிவிடலாகாது. உள்ளுறையில் கருப்பொருட் காட்சி, கூறாத பொருளைத் தன்னுள்ளே ஒளித்து வைக்கிறது. கேட்போர் உய்த்துணர வேண்டும். பந்துனிலோ பொருள் பின்னே வெளிப்படையாய் வந்து நிற்கிறது. காட்சிக்கும் கருத்துக்கும் உள்ள உறவு சில பாட்டுகளில் ஆழ்ந்த குறிப்பாகவும், சிலவற்றில் வெறும் ஓசை ஒப்புமையாகவும் அமையும். நம் தெம்மாங்கில் முதற் கண்ணி ஒரு காட்சியைக் கூற, அடுத்தது காதலைக் கூறும் முறை இதற்கு இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சுக் கவிஞர் விக்டர் யூகோ 1829இல் தம் நூலின் குறிப்பில் இவ்வடிவின் மொழிபெயர்ப்பொன்றைச் சேர்த்ததால் ஐரோப்பாவுக்கும் இது அறிமுகமாயிற்று. 2020இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

ஜோகெட், இனாங் வகைப் பாட்டுகளுக்கு உடல் பந்துனே. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் போட்டிப் பாட்டும் அதில் வளர்ந்ததே. ராம்லி சலோமாவுடனும் பிறருடனும் பாடிய இணைப் பாட்டுகளில், பெண் குரல் முடிக்கும் இடத்தில் மூச்சு விடாமல் ஆண் குரல் எழும் விரைவைக் கவனிக்க வேண்டும். திருமண வீட்டு முற்றத்தில் நாட்டார் பாடிய எதிர்ப்பாட்டின் விறுவிறுப்பு அது. இசைக்குழுவில் சாக்சபோனும் ரும்பா மேளமும் இருந்தாலென்ன? எலும்பு நாட்டுப் பாட்டினுடையது. உடுத்த ஆடைதான் வெளிநாட்டது. காவடிச் சிந்தையும் நொண்டிச் சிந்தையும் கிளிக்கண்ணியையும் பாரதியார் எடுத்தாண்டு புதுப்பொருள் நிறைத்ததை ஈண்டு ஒப்பு நோக்கலாம்.

அவர் பாட்டுகளுள் இரண்டினைத் தனியே நின்று கேட்கத் தகும். ஒன்று, ஃபணி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி' (1956) படத்தின் தலைப்புப் பாட்டு. தந்தையாகவும் மகனாகவும் இரட்டை வேடம் பூண்ட ராம்லி, தந்தையின் வாயாக மகனை அழைத்துத் தாம் கட்டிய பாட்டைக் கேட்கச் சொல்கிறார். தாலாட்டு என்றால் தாயின் நாவாட்டம் என்பது நம் மரபு. தாயில்லாப் பிள்ளைக்குத் தந்தை பாடும் இப்பாட்டில் கொஞ்சலோடு ஓர் அச்சமும் கலந்து ஒலிக்கிறது. அளவு கடந்த செல்லம் அம்மகனைக் குற்றவாளியாக்குவதே கதையாதலின், படம் முடிந்தபின் மறுபடி கேட்டால் அவ்வச்சம் முன்னறிவிப்பு எனத் தோன்றும். 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் இப்படத்துக்காக அவர் சிறந்த நடிகர் பரிசு பெற்றார். நடிப்புக்கு அளித்த பரிசில் பாட்டுக்கும் பங்குண்டு என்று கூறுதல் மிகையன்று.

மற்றொன்று, 'அந்தாரா துவா தார்ஜாட்' (1960) என்னும் படத்தில் வரும் 'கெத்தாரான் ஜீவா'. உயர்குடிப் பெண்ணுக்குப் பியானோ கற்பிக்கும் எளிய இசையாசிரியனின் கதை அது. உள்ளத்தின் அதிர்வு தாளத்தோடும் இசையோடும் கூடிப் பாட்டாகும் விதத்தையே இப்பாட்டு பொருளாகக் கொண்டுள்ளது. பாட்டைப் பற்றியே பாடும் பாட்டு பெரும்பாலும் இலக்கண நூற்பா போல வறண்டு போகும். இதுவோ ஏழையின் தன்மதிப்புப் போல ஒலிக்கிறது. குடிப்பிறப்பு இல்லாதவனிடம் அதிர்வுறும் உள்ளம் இருக்கிறது என்பதைக் கதை சொல்லும் முன்பே மெட்டு சொல்லிவிடுகிறது.

இசைவாணன் இழிந்தவனா என்ற வினா அவரை விடாது தொடர்ந்தது. தாமே இயக்கிய 'இபு மெர்த்துவாகு' (1962), அதாவது 'என் மாமியார்', அவ்வினாவின் உச்சம். சாக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டைச் செல்வ மகள் சபாரியா விரும்பி மணக்கிறாள். இசைக்காரன் மருமகனாவதா என்று தாய் மகளைத் துறக்கிறாள். இருவரும் பினாங்குக்குச் செல்கின்றனர். வறுமை வருகிறது, மாமியாரின் சூழ்ச்சி இருவரையும் பிரிக்கிறது. மனைவி இறந்தாள் என்று நம்பி அழுதழுது பார்வை இழந்தவன், பின்னர் மருத்துவத்தால் கண் பெறுகிறான். உண்மை அறிந்தபொழுது முட்கரண்டியால் அக்கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். கிரேக்க நாடகத்தின் ஈடிப்பசை நினைவூட்டும் இம்முடிவு சற்று மிகையென்று கருதுவோர் உளர். ஆனால் 'ஜெரித்தான் பாத்தின்கு' என்னும் பாட்டை நீக்கிப் பார்த்தால்தான் அது மிகை; பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவு பொருந்தாது. அடுத்த ஆண்டு தோக்கியோ விழாவில் அவருடைய பன்முகத் திறமைக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது.

இனி வீழ்ச்சியைப் பற்றிப் பேசலாம். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் பாடிச் சென்றனர். அடுத்துப் பீட்டில்ஸ் அலை வந்தது. அவர்கள் பாட்டில் வரும் ஆரவாரச் சொல்லையே பெயராக்கி, மலாய் இளைஞரின் மின் கித்தார்ப் பாட்டைப் 'பாப் ஏ ஏ' என்றனர். நகர்தோறும் குழுக்கள் முளைத்தன. ஆனால் ராம்லியை வீழ்த்தியது இது ஒன்றேயன்று. இந்தோனேசிய மோதற் கொள்கையால் 1963க்குப் பின் மலாய்ப் படங்கள் தம் பெரிய வெளிச் சந்தையை இழந்தன. 1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் மெர்டேக்கா படநிலையம் சென்றார். மறு ஆண்டு சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் ஜாலான் அம்பாஸ் மூடப்பட்டது. பழகிய கருவி வல்லாரும் ஒலிப்பதிவாளரும் பின்னே நின்றுவிட்டனர். புதிய நிலையத்தில் வசதி குறைவு. பதினெட்டுப் படங்களை அங்கே இயக்கினார். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் அவருக்குக் கறுப்பு வெள்ளையே வாய்த்தது.

இவையெல்லாம் புறக்காரணங்கள். அகக்காரணம் ஒன்று உண்டு. அதைப் பாராட்டுரைகள் தொடுவதில்லை. ரும்பாவையும் ஜாஸையும் கண்டபோது ராம்லி அவற்றைத் தம் நாட்டுப் பாட்டுக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தார். மின் கித்தாரைக் கண்டபோது சிரித்தார். 'தீகா அப்துல்' (1964) படத்தில் இசைக்கருவிக் கடைக்காரராக வரும் அவர் பாடும் 'புஞி கித்தார்' என்னும் பாட்டைக் கேட்டால் இது புலனாகும். கித்தாரின் ஒலியையும், அதற்கேற்ப ஆடும் கூட்டத்தையும் பாடும் டுவிஸ்ட் பாட்டு அது. மெட்டு துள்ளுகிறது, குரல் குறும்பு செய்கிறது, புதிய தாளத்தை அவர் எவ்வளவு எளிதில் கைக்கொள்ள வல்லவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆனால் அது நகைச்சுவைப் படத்தில் நகைச்சுவைப் பாட்டு. அந்தத் தாளத்தில் அவர் அழவில்லை, காதலிக்கவில்லை, தாலாட்டவில்லை. துயரம் வந்தபோதெல்லாம் பிடிலுக்கும் பியானோவுக்கும் திரும்பினார். 'மாசாம் மாசாம் மானிஸ்' (1965) படத்தில் பகலில் பள்ளி ஆசிரியராகவும் இரவில் கேளிக்கை விடுதிப் பாடகராகவும் வந்து, வகுப்பில் தூங்கி வழிகிறார். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க! அந்த இரட்டை வாழ்க்கையைப் போலவே, புதிய ஓசையும் அவரிடம் இரவு வேடமாகவே நின்றுவிட்டது.

கித்தாரைக் கைக்கொண்ட இளைஞர்களோ அவர் நினைத்த அளவு வேரற்றவர்கள் அல்லர். ஜெஃப்ரிடின் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் பெயர் 'செருலிங் அனாக் கெம்பாலா', இடையனின் குழல்! மின்னோசைக்கு நடுவிலும் மலாய்ச் செவி பழைய குழலைத் தேடியது. நாட்டுப் பாட்டின் எலும்பையும் மின் கித்தாரின் ஓசையையும் இணைக்கும் வேலைக்கு அன்று தகுதியானவர் ஒருவர் உண்டென்றால் அவர் ராம்லிதான். அவர் அதைச் செய்யவில்லை. எம். நாசிரும் தோழர்களும் 1980களின் தொடக்கத்தில் 'கெம்பாரா' குழுவாக எழுந்து நாட்டுப்புற ராக்கிசையை மலாயில் நிலைநாட்டியபோதுதான் அது நடந்தது. தமிழிலும் 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் இளையராஜா கிராமத்து மெட்டையும் மேனாட்டுக் கருவியையும் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் அடுத்தடுத்து நடக்க வைத்தார். ராம்லியின் காலத்தில் அது முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. 'இனாங் பாரு'வைச் செய்தவர்க்கு அடுத்த படி அதுவே.

இக்குறையைக் கூறுவதால் அவரைக் கைவிட்டவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது. கடைசிப் படமாகிய 'லக்சமானா டோ ரே மி' 1972இல் வெளிவந்தது. அதன்பின் படமில்லை. மேடைகளிலும் முன்போல் வரவேற்பில்லை. 1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் கோலாலம்பூரில் இறந்தார். அகவை நாற்பத்து நான்கு. 'டான்ஸ்ரீ' விருது 1990இல், இறந்து பதினேழு ஆண்டுகட்குப் பின் வந்தது. நினைவகமும் வீதிப் பெயர்களும் அவ்வாறே காலங்கடந்து வந்தன. நம் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் ராம்லிக்கு ஓராண்டே இளையவர். நாட்டுப் பாட்டு வடிவில் உழைப்போர் உள்ளத்தைத் திரையில் ஏற்றியவர். 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். அவர் புகழ் ஏறிக்கொண்டிருந்தபோது போனார். ராம்லி தம் புகழ் இறங்குவதைப் பார்த்திருந்து போனார்.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் தேசிய மொழிப் பாடத்தில் பந்துன் கற்பிக்கப்படுகிறது. பெரும்பாலும் இயைபுக் கணக்கோடு பாடம் முடிந்துவிடும். அதே மாணவர்க்குத் தமிழ் வகுப்பில் தெம்மாங்கும் தாலாட்டும் வேறொரு வேளையில் வருகின்றன. ராம்லியின் ஒரு ஜோகெட் பாட்டை இவ்விரண்டுக்கும் இடையே ஒலிக்கவிட்டால், காட்சி முன்னும் கருத்துப் பின்னுமாக வரும் முறையைச் சிறுவர் தாமே கண்டுகொள்வர். அவரை மலாயருக்கு மட்டும் உரியவராகத் தமிழர் ஒதுக்கிவைக்கக் காரணமும் இல்லை. அவரைக் கண்டெடுத்தவர் இந்திய இயக்குநர். அவர் குரலைத் திரைக்கு உரியதாக்கியவர் தமிழர். 1960களின் இறுதியில் அதே பினாங்கிலிருந்து அலிகேட்ஸ் குழுவாகக் கிளம்பிய லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறந்தார், கித்தார்க் காலத்தின் மலாய்ப் பாட்டில் பெரும்புகழ் ஈட்டினர். ராம்லி உள்ளே அழைக்கத் தயங்கிய ஓசையில், அவர் ஊர்க்காரர்களே மலாய்க் காதற்பாட்டைப் பாடினர். லோகநாதன் 2007இல் மறைந்தார்.

ராம்லி இறுதியாக இயற்றியது எனக் கருதப்படும் பாட்டு 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', 'கோலாலம்பூரில் கண்ணீர்'. இன்று நாம் கேட்கும் அதன் ஒலிப்பதிவில் அவர் குரல் இல்லை. பாடியிருப்பவர் சலோமா.